சனிக்கிழமை முறை

தேவகி காலேஜை விட்ட சேதி ஓடைக்குப்பத்துக்குத் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. யார் வீட்டுக் குழம்பில் மடவை மீன், யார் வீட்டில் வெறும் கருவாடு என்று அடுப்பு மூட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிற ஊர் அது. அப்பேர்ப்பட்ட ஊரில், தினமும் விடியலில் புறப்படுகிற ஒரு பெண் எங்கே போகிறாள் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. காரணம் அவளுடைய அப்பா சின்னதம்பி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அதனால் அவர் சொன்ன ஒரே பொய்யை யாரும் சந்தேகப்படவில்லை.

குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மணல்மேட்டில் இருந்தது. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து நடந்து வருகிற தூரம். அப்போது பாலம் கிடையாது. பழவேற்காட்டில் பஸ் ஏறவேண்டுமானால் படகில்தான் ஏரியைக் கடக்கவேண்டும். ஊருக்குப் பொதுவான படகு ஒன்று இருந்தது. அது மீன்கூடைக்காரிகள் எல்லோரும் வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஒரு சுற்றுச் சண்டை முடித்த பிறகு எட்டு மணிக்குமேல்தான் கிளம்பும். பொன்னேரி காலேஜுக்குப் போகிறவள் அதை நம்பினால் முதல் இரண்டு வகுப்பும் போய்விடும். ஆகவே 1982 ஆடி மாதத்திலிருந்து சின்னதம்பியே தன் படகில் மகளை விடியலில் அக்கரை சேர்த்தார்.

அதற்கு அவர் விட்டுக்கொடுத்தது கொஞ்சம் அல்ல. ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் குப்பத்தில் பாடு என்று ஒரு ஏற்பாடு இருந்தது. கல்யாணமான ஆண்கள் எல்லோருடைய பெயரும் ஒரு நோட்டில் இருக்கும். சித்திரையில் சீட்டுப் போட்டு வரிசை எழுதுவார்கள். அந்த வரிசைப்படி பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் ஒருவனுக்கு முறை வரும். சாயங்காலம் வலை கட்டினால் மறுநாள் விடியலில்தான் தூக்கவேண்டும். அமாவாசையை ஒட்டி முறை வந்தவன் பாக்கியசாலி. நிலா வெளிச்சத்தில் முறை வந்தவன் வலையை நனைத்துக் காயவைத்ததுதான் மிச்சம்.

விடியலில் வலை தூக்குகிறவன் விடியலில் படகு விடமுடியாது. சின்னதம்பி தன் முறையைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் இல்லையே. சனிக்கிழமை யாருக்கு விழுந்திருக்கிறதோ அவனிடம் கேட்டு வாங்குவார். பதிலுக்குத் தன்னுடையதைக் கொடுப்பார். அது அமாவாசையாக இருந்தாலும் கொடுப்பார், எதிராளி கொடுப்பது பௌர்ணமியாக இருந்தாலும் வாங்குவார். ஊரே அவருக்குச் 'சனிக்கிழமை சின்னதம்பி' என்று பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டவர் பக்கத்து வீட்டுச் சிங்காரம். சின்னதம்பியைக் கண்டாலே, "இன்னாண்ணே, உனுக்கு வாரத்துல ஒரே நாள்தானா?" என்று கேட்காமல் நகரமாட்டார்.

முறையை மாற்றுவதானால் எல்லையம்மன் கோயில் முன்னால் நாலு பேர் கேட்கக் காரணம் சொல்லவேண்டும். காரணம் நியாயமாக இருந்தால் ஊர்த் தலைவரான நாட்டார் தேசப்பன் நோட்டில் எழுதிக்கொள்வார். பொய்க் காரணம் சொல்லி மாற்றியது தெரிந்தால், சித்திரை வரைக்கும் பெயரை அடித்துவிடுவார்கள். ஒருவன் காய்ச்சல் என்று மாற்றிக்கொண்டு, பொன்னேரி கொட்டகையில் இடைவேளையில் முறுக்கும் கையுமாக நிற்கும்போது மாட்டிக்கொண்டான். எட்டு மாசம் அவனுக்கு முறையே கிடையாது. சின்னதம்பி சொன்ன காரணம் ஊருக்கே பெருமையானது: பொண்ணு பி.எஸ்சி. படிக்கிறாள், குப்பத்தில் முதல் பட்டம் அவள்தான் வாங்கப்போகிறாள். அதைக் கேட்டு மறுத்தவர்கள் யாருமில்லை.

பெருமைக்குரிய மகளுக்குக் காலேஜ் பிடிக்கவில்லை. கணக்கு பிடித்தது, கணக்கு வகுப்பு பிடிக்கவில்லை. போர்டில் இருப்பதைப் பார்த்து எழுது, எழுதினதை ஒப்பி. ஏன் இப்படி வருகிறது என்று கேட்டால், அது பரீட்சைக்கு வராது என்று பதில் வரும். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். 83-ல், தினமும் கூடவே பஸ்ஸில் வருகிற பழவேற்காட்டு லத்தீபா ஒரு பேப்பர்த் துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். மண்ணடியில் கடை வைத்திருந்த அவள் அண்ணன், சாமான் கட்டி அனுப்பிய பேப்பர். மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை கற்றுத்தருகிறோம், பட்டம் தேவையில்லை, நாங்கள் வைக்கிற ஒரு பரீட்சை போதும் என்று அதில் போட்டிருந்தது. பதினெட்டு மாதம் கற்றுக்கொண்டு, பிறகு இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கவேண்டும்.

சும்மா போய்ப் பார்க்கலாம் என்றுதான் போனாள். பரீட்சையில் ஒரே ஒரு கேள்வி: ஒரு பட்டறையில் ஒரே இயந்திரம், அதற்கு ஆறு பேர். ஒருவனுக்கு உடம்புக்கு முடியவில்லை, ஒருவன் ஊருக்குப் போகிறான். யாருக்கும் குறை வராமல் ஒரு மாதத்துக்கு முறை போட்டுத் தா. ஒன்றுமே தெரியாதவன் படித்தாலும் செய்கிற மாதிரி ஒவ்வொரு படியாக எழுது. கூட எழுதினவர்கள் பென்சிலைக் கடித்தார்கள். தேவகிக்குச் சிரிப்புதான் வந்தது. குப்பத்துப் பாடு ஏற்பாட்டை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தேர்வானவர்கள் பதினான்கு பேர். அதில் அவள் பெயர் முதலில் இருந்தது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் தவித்தாள். ஐந்தாம் நாள் காலையில், படகு நடு ஏரியில் இருக்கும்போது சொன்னாள். அவர் எழுந்து போகமுடியாத இடம் அது ஒன்றுதான்.

"நைனா, நான் காலேஜ வுட்டுடப் போறேன்."

சின்னதம்பி கழி ஊன்றுவதை நிறுத்தவில்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பட்டம் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ இன்னாதான் குடுப்பாங்க?"

"மெஷினுக்கு எப்படி வேலை சொல்றதுன்னு கத்துக் குடுப்பாங்க."

படகு அக்கரையில் முட்டியது. அவள் இறங்கிப் புடவையை உதறிக்கொண்டு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார். "ஊருல நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத." முகத்தில் கோபமா வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி, நாலு பேர் பேச்சையும் அவரே வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தாள். அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாக நின்றது.

மறுநாளும் அதே படகு, அதே பஸ். பொன்னேரியில் காலேஜ் பக்கம் திரும்பாமல் ஸ்டேஷனுக்குப் போய் மெட்ராஸ் ரயில் ஏறினாள், அவ்வளவுதான் வித்தியாசம். சாயங்காலம் லேட்டாக வந்தால் கண்ணுங்கருத்துமாய்ப் படிக்கிற பெண் என்று ஊர் மெச்சிக்கொண்டது. சின்னதம்பி அக்கரையில் படகோடு காத்திருப்பார். அவள் ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "மெஷினு உன் பேச்சக் கேட்டுச்சா?" கேட்டது என்றாலும் கேட்கவில்லை என்றாலும் ஒரு 'ம்' தான். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று மூன்று வருஷம் யோசித்திருக்கிறாள்.

புரசைவாக்கத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த இடம். நடத்தினவர் ஞானதாஸ், முப்பது வயதுகூட ஆகாதவர். முணுக்கென்றால் கோபம் வரும். வகுப்பு என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. தடித்தடியாக நாலு புத்தகம், கட்டம் போட்ட தாள், குளிரூட்டின அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தாளில் புரோகிராம் எழுதி, அதைத் தானே பத்துத் தடவை சரிபார்த்து, பிறகுதான் மெஷின் முன்னால் உட்காரலாம். தப்பு இருந்தால் மெஷின் எந்த வரி என்று காட்டும். ஏன் கேட்கிறாய் என்று அது சலித்துக்கொள்வதில்லை. தேவகிக்கு அது போதும்.

முதல் மாதம் மெஷினுக்குத் தினமும் சண்டை. வாய்த்துடுக்கு உள்ளவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தான், வாயில்லாதவன் வாசலில் நின்றான். தேவகி ஒருநாள் பதினான்கு சீட்டு எழுதி ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டினாள். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எல்லோர் முன்னாலும் காரணம் சொல்லவேண்டும் என்றாள். சண்டை ஓய்ந்தது. ஞானதாஸ் அந்தத் தாளைப் படித்துப் பார்த்தார், கிழிக்கவில்லை.

அவள் செய்த பெரிய தப்பு 85-ல் நடந்தது. பதினெட்டு மாதம் முடிந்து, அவளை நம்பி ஞானதாஸ் கொடுத்த முதல் வேலை. மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு முறை போடுகிற புரோகிராம். ஆட்களின் பட்டியல் வந்தது. லீவில் இருக்கிறவன், உடம்பு சரியில்லாதவன், இறந்துபோனவன் என்று ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறி. லீவுக்கும் உடம்புக்கும் என்ன செய்வது என்று ஆபீசில் விசாரித்துக்கொண்டாள். இறந்தவனைப் பற்றி அவள் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? குப்பத்தில் ஒருவன் செத்துப்போனால் சித்திரை வரைக்கும் அவன் பெயர் நோட்டில் அப்படியேதான் இருக்கும். அவன் முறை வரும்போது அடுத்த முறைக்காரன் அவனுக்காக வலை கட்டி, பிடித்ததை அவன் வீட்டில் சேர்ப்பான். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்து, அதையும் நாலு வரியாக எழுதிவிட்டாள்.

தொழிற்சாலை வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். மாரடைப்பில் போய்ப் பதினைந்து நாள் ஆன ஒரு ஃபிட்டரின் பெயர் மூன்றாவது ஷிப்டில் இருந்தது. அவரைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அரைநாள் வேலை நின்றது. மேனேஜர் போனில் கத்தினதை ஞானதாஸ் தேவகியிடம் அப்படியே ஒப்பித்தார்.

"உன்னை யாரு அப்படி எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அப்படித்தானே சார் செய்வாங்க?"

ஞானதாஸ் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "எங்கே செய்வாங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் குரல் இறங்கியது, ஆனால் விஷயத்தை விடவில்லை. கேட்காமல் எழுதினது தப்பு, மூன்று நாளில் சரிசெய்யாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள் என்றார். பட்டமும் இல்லாமல், இந்த வேலையும் இல்லாமல் அப்பா முன்னால் போய் நிற்பதை நினைத்துக்கொண்டே அவள் ரயில் ஏறினாள்.

அன்று சாயங்காலம் படகில் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னதம்பி வழக்கத்துக்கு மாறாகக் கழியை நிறுத்திவிட்டார்.

"செத்த அன்னிக்கே பேர எடுத்துடுவாங்களா?"

"ஆமா நைனா."

"அப்போ அவன் பொண்டாட்டிக்கு யாரு வலை கட்டறது?"

மறுநாள் போய் அந்த நாலு வரியையும் எடுத்தாள். எடுக்க ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. அதை எடுக்க மனசு வருவதற்குத்தான் மத்தியானம் வரைக்கும் ஆனது. அதிலிருந்து எந்தக் கம்பெனிக்கு வேலை செய்யப் போனாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்க இடத்துல ஒருத்தர் செத்துட்டா என்ன செய்வீங்க?" எதிரே உட்கார்ந்திருக்கிற மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போடும். ஞானதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குவார்.

86 ஐப்பசியில் சின்னதம்பி மஞ்சள் காமாலையில் படுத்தார். பதினோராம் நாள் போய்விட்டார். கடைசி வரைக்கும் காலேஜைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரியம் முடிந்த அடுத்த வாரம் அவருடைய முறை வந்தது, அதுவும் அமாவாசை. அவருக்கு அடுத்த முறைக்காரர் சிங்காரம். வழக்கப்படி அவர்தான் வலை கட்டினார், விடிந்ததும் ஒரு கூடை இறாலைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். தேவகியின் அம்மா இருசம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சிங்காரம் தேவகியைப் பார்த்துக் கேட்டார்.

"படிப்பு இன்னும் எவ்ளோ நாளு பொண்ணே? பி.எஸ்சி. முடிச்சுடுச்சு, அதே காலேஜுல மேல்படிப்பு படிக்குதுன்னு அண்ணன் போன சித்திரையில கூடக் கோயிலாண்ட சொன்னாரு. அந்தப் பட்டமும் வாங்கினு வா. அண்ணன் பார்க்காட்டியும் நாங்க பார்க்கறோம்."

தேவகி மோர்ச் செம்பைக் கையில் வாங்கிக்கொண்டாள். மூன்று வருஷமாக ஊருக்குத் தெரியும் என்றல்லவா நினைத்திருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமை முறைக்கும் அப்பா எல்லையம்மன் முன்னால் நின்று பொய் சொல்லியிருக்கிறார். பட்டத்துக்காகத்தான் ஊர் விட்டுக்கொடுத்தது, பட்டமில்லாத படிப்புக்கு விட்டுக்கொடுக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மாட்டினால் பெயர் போகும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் தினமும் படகில் உட்கார்ந்து, மெஷினு பேச்சக் கேட்டுச்சா என்று கேட்டிருக்கிறார். கோபம் என்று அவள் நினைத்த அந்த 'ம்' கோபமே இல்லை. சிங்காரம் போன பிறகு அவள் வாய்விட்டு அழுதாள்.

இறாலை அம்மா குழம்பு வைத்தாள். தேவகியால் ஒரு வாய் தின்ன முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள்.

"சித்திரை வரைக்கும் இன்னும் அஞ்சு மாசம் கீது," என்றாள் இருசம்மாள். "அந்தாளு பேருல வர்றதுதான் நமக்குன்னு கீது. செத்தவர் பேர நீயே போயி அடிக்கச் சொல்றியா?"

அம்மா கேட்டதில் தப்பில்லை. தன் சம்பளத்தில் அம்மாவைக் காப்பாற்ற முடியும் என்று தேவகிக்குத் தெரியும். ஆனால் போகப்போவது அப்பாவின் பெயர். முறுக்குத் தின்றவனோடு சேர்த்து அவரையும் பேசுவார்கள். இருந்தாலும், சிங்காரம் கொண்டுவந்த அந்தக் கூடை கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டம் வாங்கினு வா என்று சொல்லி இறக்கின கூடை. அடுத்த முறைக்கு இன்னொரு கூடை வரும், அதற்கடுத்து இன்னொன்று.

மறு வாரம் வெள்ளிக்கிழமை ஆண்கள் கோயில் முன்னால் கூடியிருந்தபோது போய் நின்றாள். பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. பேச்சு நின்றது.

"நான் காலேஜ வுட்டு மூணு வருஷம் ஆவுது," என்றாள். "பட்டம் வாங்கல. மெட்ராசுல கம்ப்யூட்டர் வேலை கத்துக்கினு, அங்கியே வேலை செய்யறேன். நைனாவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் காலேஜுன்னு சொல்லி உங்ககிட்ட முறை மாத்தினாரு. எனக்காகத்தான்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. நாட்டார் தேசப்பன் நோட்டைப் பிரித்துச் சின்னதம்பியின் பெயரைத் தேடினார். பிறகு, செத்தவன் சொன்னாலும் பொய் பொய்தான், பாடு விஷயத்தில் ஆளுக்கொரு வழக்கம் கிடையாது என்றார். பென்சிலை அவள் பக்கம் நீட்டினார்.

"நீதான் சொன்ன. நீயே அடி."

எத்தனையோ ஆயிரம் வரி எழுதின கை அது. சின்னதம்பி என்ற ஆறு எழுத்தின் மேல் ஒரு கோடு போட முடியவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடித்தாள்.

அப்போதுதான் சிங்காரம் எழுந்தார். "பொய் சொல்லி மாத்தினது செல்லாதுன்னா, மாத்தினது பூரா திரும்பணும் இல்ல?" என்றார். "என் சனிக்கிழமை எனுக்கு. அண்ணன்கிட்ட நான் வாங்கின அமாவாசை அவுருக்கு."

கூட்டத்தில் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரிடம் நல்ல முறையை வாங்கிக்கொண்டு நிலாவில் வெளுத்த முறையைக் கொடுக்காதவர் அவர்களில் யாருமில்லை. தேசப்பன் தாடையைச் சொறிந்தார். பெயர் அடிபட்டது அடிபட்டதுதான், ஆனால் அமாவாசை முறையை வாங்கினவர்கள் எல்லோரும் சித்திரைக்குள் இருசம்மாளுக்காக ஆளுக்கு ஒருமுறை வலை கட்டவேண்டும் என்று தீர்த்துச் சொன்னார். எதிர்ப்பேச்சு எழவில்லை.

தேவகி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். இருசம்மாள் கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அப்பா போனதிலிருந்து தேவகி லீவில் இருந்தாள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டும். பொதுப் படகுக்குக் காத்திருந்தால் பத்துமணி ரயில்கூடக் கிடைக்காது, ஞானதாஸ் என்ன சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டே விடியலில் துறைக்கு வந்தாள். சிங்காரம் தன் படகில் கழியோடு நின்றிருந்தார்.

வரிசை அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை முறை அவருடையது. அந்நேரம் அவர் முகத்துவாரத்தில் வலை தூக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"சித்தப்பா, நேத்து உங்க முறை இல்ல?"

"சனிக்கிழமைக்கு மாத்திக்கினேன்."

"காரணம் கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. சின்னதம்பி அண்ணன் பொண்ணு கம்ப்யூட்டர் வேலைக்குப் போவுது, அக்கரையில வுடணும்னேன். நாட்டாரு எழுதிக்கினாரு. ஏறு, பஸ்சு போயிடும்."

தேவகி ஏறி, எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்தாள். பாதி ஏரி வரைக்கும் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தாள். அதற்குமேல் முடியவில்லை. சிங்காரம் திரும்பிப் பார்க்காமல் கழி ஊன்றிக்கொண்டிருந்தார்.